நாற்பத்தேழாவது இடத்தில் ஒரு சம்பந்தம்

தோக்தரின் மகள் மோல்திரைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா ரௌஷான் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள். நிச்சயதார்த்தம் ஜுல்திஸ்தாவ் ஹோட்டலில் நடக்க வேண்டும்.

"உங்க வீடு சின்னது. எங்க வீடும் சின்னதுதான், தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா எங்க ஆபீஸ்ல எங்க நடந்துச்சுன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு பதில் வேணும்."

ரௌஷான் வேலை பார்ப்பது கல்யாணப் பதிவு அலுவலகத்தில். நகரத்தில் யார் யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்வது தன் கைதான் என்ற நிமிர்வு அவளுடைய கழுத்திலேயே இருந்தது. தோக்தர் டிராலி பஸ் ஓட்டுபவர். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்திப் பழகியவர்.

"சரி சம்பந்தி," என்றார்.

"இன்னும் ஆகல. ஒரே தட்டுல வால்கொழுப்பும் ஈரலும் சாப்பிட்டப்புறம் அப்படிக் கூப்பிடுங்க."

அவள் சொன்னது சரிதான். ஆட்டின் வால்கொழுப்பையும் ஈரலையும் அவித்து, நறுக்கி, ஒரே தட்டில் வைத்து, பெண்ணைப் பெற்றவனும் பிள்ளையைப் பெற்றவனும் தின்றுவிட்டால் அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. தின்னாத வரைக்கும் எல்லாம் வெறும் பேச்சு. மோல்திருக்கு முன்பே ஒரு இடம் வந்து, தட்டு வருவதற்குள் இரண்டு பக்கமும் ஒரு குதிரையைப் பற்றிச் சண்டை போட்டுக் கலைந்துபோயிருந்தது. அந்தக் குதிரை செத்தே பல வருடம் ஆகியிருந்தது. இந்த முறை பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். ஆகவே தோக்தருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே கவலை, அந்தத் தட்டு வந்து சேர வேண்டும் என்பதுதான்.

ஜுல்திஸ்தாவ் ஹோட்டலில் அறைகளும் இருந்தன. அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. அதன் பெருமை மூன்று உணவகங்களும் இரண்டு மதுக்கூடங்களும். உலகத்தின் தலைசிறந்த ஹோட்டல் உணவகங்கள் பட்டியலில் அதற்கு நாற்பத்தேழாவது இடம். வாசலிலும் லிஃப்டிலும் கழிப்பறையில் கை கழுவும் தொட்டிக்கு மேலும் 47 என்று பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். பட்டியல் போடுவது உலக மேசை மன்றம் என்ற அமைப்பு. அதன் தலைமையகம் எந்த ஊரில் இருக்கிறது என்று ஹோட்டலில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அங்கிருந்து கடிதம் வந்தால் எழுந்து நின்றுதான் படிப்பார்கள்.

தோக்தரை உட்காரவைத்துப் பேசியவள் சபீனா. அனுபவ மேலாளர் என்று சட்டையில் எழுதியிருந்தது. என்ன அனுபவம் என்று எழுதவில்லை.

"நீங்க என்ன கதை சொல்லப்போறீங்க, அண்ணே?"

"கதையா?"

"இங்க ஒவ்வொரு விருந்தும் ஒரு கதை. உங்களோடது என்ன?"

"பொண்ணுக்கு நிச்சயம்."

"இணைதல்," என்று எழுதிக்கொண்டாள். "என்னென்ன உணர்ச்சி வேணும்?"

"டீ வேணும். கறி வேணும். கடைசியில வால்கொழுப்பும் ஈரலும் ஒரே தட்டுல வரணும். மத்தது எது மறந்தாலும் பரவால்ல, அது மறக்கக் கூடாது."

"யாருக்காவது ஏதாவது ஒத்துக்காதா?"

தோக்தர் யோசித்தார். "மாப்பிள்ளையோட அம்மாவுக்குக் காத்திருந்தா ஒத்துக்காது."

அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு எங்கேயோ தொலைபேசியில் பேசினாள். "உள்ளூர்க்காரங்கதான் சார். ஆமா, நிஜமாவே உள்ளூர்," என்று சொன்னது தோக்தரின் காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஹோட்டல் இயக்குநரே இறங்கி வந்தார். திமூர் சகேனோவிச். இரண்டு கைகளாலும் தோக்தரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

விஷயம் இதுதான். மன்றத்தின் ரகசிய நடுவர் அடுத்த வாரம் வருகிறார். போன முறை வந்தவர், உணவகத்தில் உள்ளூர் மனிதர் ஒருவரைக்கூடக் காணோம் என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அதற்கு முந்தைய முறை ஹோட்டல் சில பரிசாரகர்களுக்கு நல்ல உடை போட்டு வாடிக்கையாளர்களாக உட்கார வைத்திருந்தது. அவர்கள் பழக்கதோஷத்தில் பக்கத்து மேசைத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனதால் மாட்டிக்கொண்டார்கள்.

"உள்ளூர் ஜனங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை," என்றார் இயக்குநர். "அவங்களை நம்பித்தான் இந்த ஹோட்டலே கட்டினோம். அவங்க உள்ள வந்துடக் கூடாதுன்னு விலையையும் பாத்துப் பாத்துத்தான் வெச்சோம். நான் சின்ன வயசுல சாப்பிட்டதையெல்லாம் உலகத்துக்குக் காட்டணும்னு எனக்கு ஒரு கனவு, அண்ணே. சாப்பிடறதுக்கு இல்ல. காட்டறதுக்கு. சாப்பிடறதுன்னா எங்க வேணா சாப்பிடலாமே."

"வால்கொழுப்பும் ஈரலும்," என்றார் தோக்தர்.

"அது இல்லாமயா? அதுதான் அன்னிக்குச் சிகரமே."

நிச்சயத்துக்கு முந்தின நாள் இரண்டு குடும்பத்தையும் ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். இயல்பாக இருப்பதற்கான ஒத்திகை. தோக்தர் வாங்கி வைத்திருந்த கோட்டைப் பார்த்து சபீனா உதட்டைப் பிதுக்கினாள். அது இயல்பாக இல்லையாம். ஹோட்டல் கிடங்கிலிருந்து தங்க ஜரிகை போட்ட வெல்வெட் அங்கியும் நரித்தோல் குல்லாவும் வந்தன. மாப்பிள்ளையின் அப்பா கென்ஜெகானுக்கும் அதே. அவர் கால்நடை மருத்துவர். பெரிய உடம்பு.

"நாப்பது வருஷமா நரிக்கு ஊசி போட்டிருக்கேன்," என்றார் கென்ஜெகான். "தலைல வெச்சதில்ல."

"சிரிங்க சார். ஆனா சத்தம் வேண்டாம். சத்தமில்லாம, மனசு விட்டு," என்றாள் சபீனா.

ரௌஷான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று தோக்தரின் மனைவி பிபிகுல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மதியம் நடுவர் வந்தார். அவருடைய வருகை பரம ரகசியம் என்பதால், விமான நிலையத்தில் அவரை வரவேற்கப் போனவன் பெயர் எழுதாமல் 'ரகசிய நடுவர்' என்று மட்டும் எழுதிய பலகையைப் பிடித்திருந்தான். லூத்தி என்று பெயர். ஸ்விட்சர்லாந்துக்காரர், ஒல்லியாக, களைத்துப்போனவராக இருந்தார். மூலை மேசையில் உட்கார்ந்தார். அவரை அடையாளம் தெரிந்தது போல யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று பரிசாரகர்களுக்கு ஒரு மாதமாகப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவர்கள் நன்றாகப் பயின்றிருந்தார்கள். ஒருவனும் அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் கையை உயர்த்தியபோதெல்லாம் அவர்கள் இன்னும் கவனமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

தோக்தரின் மேசைக்குச் சாப்பாடு வர ஆரம்பித்தது. முதலில் தண்ணீர். தண்ணீருக்கென்றே ஒருவர் இருந்தார். அந்தத் தண்ணீர் எந்த மலையில் பனியாக இருந்தது, உருகுவதற்கு எவ்வளவு தயங்கியது என்றெல்லாம் சொன்னார். கென்ஜெகான் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு "அடுத்தது?" என்றார். அடுத்தது, அகலமான கறுப்புத் தட்டின் நடுவில் ஒரு தபால்தலை அளவுக்கு மாவுத் துண்டு. அதன் மேல் ஒரு இழை கறி.

"இது என்னது?" என்றாள் பிபிகுல்.

"பெஷ்பர்மாக், அக்கா. அதோட சாராம்சம்."

"அஞ்சு விரலால அள்ளித் திங்கறதுக்குப் பேரு பெஷ்பர்மாக். இத எந்த விரலால எடுக்கறது?"

பரிசாரகன் சின்ன இடுக்கி ஒன்றைக் கொடுத்தான்.

இதுவரை சிரிப்பாகத்தான் போனது. கறி வந்ததும் சிரிப்பு நின்றது. எல்லோருக்கும் ஒரே மாதிரி, ஒரே அளவில், எலும்பில்லாத துண்டுகள். விருந்தில் எந்த எலும்பு யாருக்கு என்பதில்தான் மரியாதை இருக்கிறது. இடுப்பெலும்பு பெரியவருக்கும் சம்பந்திக்கும், மார்புக் கறி மருமகனுக்கு, இப்படி. இங்கே கென்ஜெகானுக்கும் அவரை ஏற்றி வந்த ஓட்டுநருக்கும் ஒரே துண்டு.

"எலும்பு எங்க?" என்றாள் ரௌஷான்.

"எலும்பு இருந்தா மதிப்பெண் குறையும் அக்கா. சத்தம் வரும்."

"என் வீட்டுக்காரருக்கு இங்க என்ன இடம்னு நான் எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறது?"

பரிசாரகன் மேசையைச் சுற்றிப் பார்த்தான். "ஜன்னல் பக்கத்து இடம், அக்கா."

தோக்தருக்கு நரித்தோலுக்குள் வியர்த்தது. நல்லவேளையாகத் தேநீர் வந்தது. தேநீர் வந்தால் எந்த விருந்தும் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார். ஊற்ற வந்த பெண் சின்னவள். தெற்குப் பக்கத்துப் பேச்சு. அவள் ரௌஷானின் கிண்ணத்தில் ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள், கிண்ணம் விளிம்பு வரை நிரம்பியது.

மேசையில் எல்லோருடைய கண்ணும் அந்தக் கிண்ணத்துக்குப் போனது. கொஞ்சமாக ஊற்றினால், திரும்பத் திரும்ப ஊற்ற ஆசை, இன்னும் இருங்கள் என்று அர்த்தம். நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம். மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட அங்கே இது தெரியும்.

"ஏம்மா, என்ன பண்ற?" என்று பிபிகுல் அவள் கையைப் பிடித்தாள்.

அந்தப் பெண் உதடு அசையாமல் பேசினாள். "எனக்குத் தெரியும் அக்கா. எங்க வீட்டுல இப்படி ஊத்தினா எங்கம்மா என் கைய ஒடிச்சிடுவாங்க. ஆனா மன்றத்தோட விதி, கிண்ணம் ரொம்பணும். மேல கேமரா இருக்கு. தயவுசெஞ்சு கையை விடுங்க, உங்க கிண்ணத்தையும் ரொப்பணும்."

ரௌஷான் தன் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை. வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். மேசையின் கடைசியில் மோல்திர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைப் பையன் தன் அம்மாவின் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தோக்தர் எழுந்து சபீனாவிடம் ஓடினார். "அந்தத் தட்டு. இப்பவே கொண்டு வரச் சொல்லும்மா."

"அது எட்டாவது காட்சி அண்ணே. இப்ப நாலுதான் ஆயிருக்கு."

"அஞ்சாவது வர்றதுக்குள்ள அவங்க வண்டில ஏறியிருப்பாங்க."

சபீனா ரௌஷானின் கைப்பையைப் பார்த்தாள். அவளும் அந்த ஊர்ப் பெண்தானே. சமையலறைக்குச் சைகை செய்தாள்.

தலைமைச் சமையற்காரர் ரினாத் தானே வந்தார். வெளிநாட்டில் படித்தவர். கையில் ஒரு தட்டு, அதன் மேல் கவிழ்த்த கண்ணாடிக் கூண்டு. அதற்குள் வெள்ளைப் புகை சுழன்றுகொண்டிருந்தது. மேசை நடுவில் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"நான் ரொம்ப நாள் யோசிச்சேன். வால்கொழுப்புன்னா என்ன? கொழுப்பா? இல்ல. அது ஒரு ஞாபகம். ஈரல்னா என்ன? உறவு. ஞாபகத்தையும் உறவையும் மெல்ல முடியுமா? அதனால மெல்ல வேண்டிய பகுதிய நான் எடுத்துட்டேன். மிச்சம் இருக்கறதுதான் உண்மை."

கூண்டைத் தூக்கினார். புகை பரவியது. அவித்த வால்கொழுப்பின் வாசனையும் ஈரலின் வாசனையும் அப்படியே வந்தன. குறை சொல்ல முடியாது. புகை கலைந்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தட்டு காலியாக இருந்தது.

"ஆழமா மூச்சு இழுங்க," என்றார் ரினாத்.

கென்ஜெகான் நல்ல மனிதர். நிஜமாகவே இழுத்துப் பார்த்தார். ரௌஷான் எழுந்துவிட்டாள்.

"மோந்து பாத்தா சம்பந்தி ஆயிடுவமா?" என்றாள். "எங்க ஆபீஸ்ல ஒருத்தன் வந்து, பொண்ணு பக்கத்துல நின்னேன், கல்யாணம் ஆயிடுச்சுன்னு எழுதிக் குடுங்கன்னா குடுத்துடுவேனா? வாய்க்குள்ள போகல. ஒண்ணும் நடக்கல. தோக்தர், உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. போகச் சொல்லி டீ ஊத்தினாங்க, நாங்க போறோம்."

"ஒரு நிமிஷம்," என்றார் தோக்தர். அவர் வாழ்க்கையில் பயணிகளிடம் சொன்ன ஒரே கெஞ்சல் அதுதான், அது அப்படியே வந்தது. பிறகு ரினாத்திடம் திரும்பினார். "வாசனை எதுலேர்ந்து எடுத்தீங்க?"

"வால்கொழுப்புலேர்ந்துதான். ஈரல்லேர்ந்துதான்."

"அது எங்க?"

"அது மூலப்பொருள். வேலை முடிஞ்சிருச்சு. பின்னால ஊழியர் மேசைல இருக்கும்."

தோக்தர் குல்லாவைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். என்ன நடக்கிறது என்று பார்க்க கென்ஜெகான் பின்னாலேயே போனார். அவரை இழுத்துக்கொண்டு வர ரௌஷான் போனாள். அவளைச் சமாதானம் செய்ய பிபிகுல் போனாள்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் எண்ணெய்த்துணி விரித்த ஒரு மேசை. அதன் மேல் ஒரு பெரிய தட்டு. தட்டில் வால்கொழுப்பும் ஈரலும், அவித்து, மெல்லிசாக நறுக்கி வைத்தது. ஒரு பக்கம் ரகசிய நடுவர் லூத்தி. இன்னொரு பக்கம் இயக்குநர் திமூர் சகேனோவிச். இரண்டு பேருக்கும் உதடெல்லாம் கொழுப்பு பளபளத்தது.

நடந்தது எளிமையானது. ஒரு மணி நேரம் யாரும் கவனிக்காமல் பசியோடு உட்கார்ந்திருந்த லூத்தி, வாசனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் வந்துவிட்டார். அவரைத் தேடி வந்த இயக்குநர், தடுக்கவும் முடியாமல், தனியாகத் தின்னவிடவும் முடியாமல், மரியாதைக்காகக் கூட உட்கார்ந்தார். முதல் துண்டு மரியாதைக்கு. மற்றவை அப்படி இல்லை.

தட்டில் இன்னும் நாலைந்து துண்டுகள் இருந்தன. தோக்தர் தட்டின் ஓரத்தைப் பிடித்தார். இயக்குநர் மறு ஓரத்தைப் பிடித்தார்.

"அண்ணே, இது நடுவரோட தட்டு. தொட்டா முப்பதுக்குள்ள வர்ற வாய்ப்பு போயிடும்."

"இது என் பொண்ணோட தட்டு."

"உங்களுக்கு நாளைக்கு வேற செஞ்சு தர்றேன். இலவசமா. வாசனையோடயே தர்றேன்."

"நாளைக்கு அவங்க வரமாட்டாங்க. விடுங்க."

"நான் யாருன்னு தெரியுமா? உலகத்துல நாப்பத்தேழாவது..."

"எனக்கு முன்னால நாப்பத்தாறு பேர் நிக்கறாங்கன்னு நான் தகடு அடிச்சு மாட்டிக்கமாட்டேன்," என்றார் தோக்தர். அவர் அவ்வளவு நீளமாக ஒருவரை எதிர்த்துப் பேசியதை பிபிகுல் அதற்கு முன் கேட்டதில்லை.

லூத்தி பாடப்புத்தகத்தில் கற்ற ரஷ்ய மொழியில் பேசினார். "மன்னிக்கவும். இந்த உணவு தங்களுடையதா? நான் அறியாமல் உண்டுவிட்டேன். பதினேழு நாடுகளில் நான் நுரையையும் புகையையும் மட்டுமே உண்டு வருகிறேன்."

ரௌஷான் மேசைக்குக் கிட்டே வந்தாள். கைப்பை தோளில் தொங்கியது. தட்டைப் பார்த்தாள். லூத்தியின் உதட்டைப் பார்த்தாள். இயக்குநரின் உதட்டைப் பார்த்தாள். அலுவலகத்தில் சாட்சிகளைப் பார்க்கும் பார்வை.

"ரெண்டு பேரும் இதே தட்டுல சாப்பிட்டீங்களா?"

"ஆம்," என்றார் லூத்தி.

"வாலும் ஈரலும், ரெண்டும்?"

"ஆம். மிக நன்றாக இருந்தது."

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"இரண்டு மகள்கள்."

"திமூர் சகேனோவிச், உங்களுக்குக் கல்யாணம் ஆகாத பையன் இருக்கான் இல்ல?"

இயக்குநரின் முகத்தில் முதன்முறையாக நிஜமான ஒரு உணர்ச்சி தெரிந்தது. அவரும் அந்த மண்ணில் பிறந்தவர்தான். "அக்கா, இது சடங்கு இல்ல, சாப்பாடு. எனக்குப் பசி. சத்தியமா சொல்றேன், இந்த ஹோட்டல் திறந்ததுலேர்ந்து நான் இங்க வயிறாரச் சாப்பிட்டதே இல்ல."

"பசில சாப்பிட்டா செல்லாதுன்னு எங்கயும் இல்ல," என்றாள் ரௌஷான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

தோக்தர் அதற்குள் ஒரு துண்டு வாலையும் ஒரு துண்டு ஈரலையும் சேர்த்து எடுத்துக் கென்ஜெகானின் வாய்க்கு நேரே நீட்டினார். கென்ஜெகான் வாயைத் திறக்கவில்லை.

"யோசிங்க தோக்தர்," என்றார். "இதே தட்டுல நாமளும் சாப்பிட்டா, இந்த ஆளுக்கும் நாம சொந்தம் ஆயிடுவோம். ஒவ்வொரு பண்டிகைக்கும் வருவான். பேசுவான்."

"வேற வால் இல்லியா?" என்று பிபிகுல் ரினாத்திடம் கேட்டாள்.

"ஒண்ணுதான் அவிச்சோம்," என்றார் ரினாத், நரித்தோல் குல்லாவைப் பிடித்தபடி. "வாசனைக்கு அது போதும்."

கென்ஜெகான் இயக்குநரை மேலும் கீழும் பார்த்தார். வியாதி பிடித்த மாட்டை வாங்குவதா வேண்டாமா என்று பார்ப்பது போல. கதவருகே மோல்திரும் அவருடைய மகனும் வந்து நின்றிருந்தார்கள். அவர்களையும் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டு வாயைத் திறந்தார். தோக்தர் ஊட்டினார். பிறகு அவர் தோக்தருக்கு ஊட்டினார். இரண்டு பேரும் மென்றார்கள். ரௌஷான் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சு," என்றாள். கைப்பையை பிபிகுலிடம் கொடுத்தாள். "பிடிங்க, சம்பந்தி." பிறகு முறைப்படி தட்டில் மிச்சமிருந்த கொழுப்பைக் கையால் வழித்து, இருக்கிற சம்பந்திகள் எல்லோரின் முகத்திலும் பூசினாள். இயக்குநருக்கு இரண்டு கன்னத்திலும்.

லூத்தி கைக்குட்டையை எடுத்தார், ஆனால் துடைக்கவில்லை. "அம்மையாரே, ஒரு ஐயம். தங்கள் சட்டப்படி நான் இப்போது இந்த இயக்குநருக்கு உறவினனா?"

"ஆமா."

"எழுத்து மூலம் தர இயலுமா?"

"முத்திரையோட தர்றேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தண்டனை முடிந்து வெளியே வருபவனின் முகம். "மன்றத்தின் விதிப்படி, உறவினருடைய விடுதிக்கு நடுவர் மதிப்பெண் இடக் கூடாது. அப்படிப்பட்ட விடுதியைப் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும். இனி எவரும் என்னை இங்கே புகை உண்ணச் சொல்ல முடியாது. திருமணம் எப்போது? நான் வருவேன். அங்கே எலும்பு இருக்குமா?"

"உங்களுக்கு இடுப்பெலும்பு," என்றார் கென்ஜெகான். "நீங்க பெண்ணைப் பெத்தவர்."

புதிய பட்டியலில் ஜுல்திஸ்தாவ் இல்லை. பித்தளைத் தகடுகளைப் பெயர்த்த இடத்தில் சுவர் வெளிறிக் கிடந்தது. அது என்ன என்று கேட்டவர்களிடம் சபீனா, இல்லாமையின் அனுபவம் என்றாள். சிலர் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மோல்திரின் கல்யாணம் முதல் பனி விழுவதற்கு முன்பே நடந்தது. லூத்தி வந்து இடுப்பெலும்பை வாங்கிக்கொண்டார். திமூர் சகேனோவிச்சைக் கூப்பிடாமல் இருக்க வழியில்லை. அவரும் வந்தார், பேசினார். அவருடைய மகன் மட்டும் வேலை இருக்கிறது என்று சொல்லித் தலைநகர் அஸ்தானாவுக்குப் போனவன் திரும்பவில்லை. லூத்தியின் மூத்த மகளோ, எதற்கும் பையனின் படத்தை அனுப்பச் சொல்லியிருந்தாள்.

ரௌஷான் மாதம் தவறாமல் ஹோட்டலுக்குத் தொலைபேசி செய்தாள். தேதி எப்போது குறிப்பது என்று கேட்டாள். இயக்குநர் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னார்.

"அக்கா, எத்தனை தடவ சொல்றது. அது வெறும் மத்தியானச் சாப்பாடு."

"எங்க ஆபீஸுக்குக் கையெழுத்துப் போட வர்ற ஆம்பளைங்கள்ல பாதிப் பேர் அதத்தான் சொல்றாங்க, சம்பந்தி," என்றாள் ரௌஷான். "தேதியச் சொல்லுங்க."